பத்தொன்பது வருடத் துணி

தையல் டீச்சர் முதன்முதலில் ஊசி பிடித்ததே பொறாமையில்தான். கேட்டால் ஒப்புக்கொள்ளமாட்டாள். "எனக்குச் சின்ன வயசிலேருந்தே கைவேலைன்னா உசிரு" என்பாள்.

நடந்தது இதுதான். அவளுக்கு மூன்று வயது மூத்த அக்கா ஒருத்தி. சிரித்தால் கன்னத்தில் குழி விழும். பாடச் சொன்னால் கூச்சப்படாமல் பாடுவாள். வீட்டுக்கு யார் வந்தாலும் "பெரியவளைக் கூப்பிடுங்க" என்பார்கள். சின்னவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரம் நிற்பாள். அக்கா போட்டுக் கழித்த கவுன்தான் அவளுக்கு வரும். அதைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினால், "இது பெரியவளோட கவுனாச்சே" என்று துணியை வைத்துத்தான் அவளை அடையாளம் கண்டார்கள்.

பத்து வயதில் ஒரு மத்தியானம், அம்மா கண்ணயர்ந்த நேரம் பார்த்து, அப்பாவின் சவர பிளேடை எடுத்து அக்காவின் நீலக் கவுனைத் தையல் தையலாகப் பிரித்துப் போட்டாள். தரையில் பரப்பிப் பார்த்தபோதுதான், ஒரு கவுன் என்பது ஒன்பது துண்டு என்று தெரிந்தது. எந்தத் துண்டு எதோடு சேர்ந்திருந்தது என்று கரித்துண்டால் குறி போட்டாள். பிறகு குறியை மாற்றினாள். கழுத்தைச் சதுரமாக்கி, கையைக் குறைத்து, மிச்சத்தில் ஒரு பை வைத்து, நாலு நாள் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து தைத்தாள். ஐந்தாம் நாள் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது அடுத்த வீட்டு அத்தை, "அட, புதுசா? யாரு தைச்சா?" என்றாள். அடி விழுந்தது, அழுதாள், எல்லாம் நடந்தது. ஆனாலும் "யாரு தைச்சா?" என்ற அந்த இரண்டு சொல் அவள் காதை விட்டுப் போகவே இல்லை. பிற்பாடு வாழ்க்கை பூராவும் அதை இன்னொரு தடவை கேட்கத்தான் அலைந்தாள் என்று சொல்லலாம்.

யாரும் அவளுக்குக் கற்றுத்தரவில்லை. கிடைத்த துணியைப் பிரித்தாள், பார்த்தாள், மறுபடி தைத்தாள். அப்படிக் கற்றதில் அவளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது: தையலின் முன்பக்கத்தை அவள் பார்க்கவே மாட்டாள். நேரே பின்பக்கத்தைத் திருப்பிவிடுவாள். முன்பக்கம் யார் வேண்டுமானாலும் ஏமாற்றலாம், நூல் எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிச்சு விழுந்தது, எங்கே அவசரப்பட்டார்கள் என்பதெல்லாம் பின்னால்தான் இருக்கும் என்பது அவள் கட்சி. கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்தவளின் முந்தானை ஓரத்தைப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இரண்டு விரலால் திருப்பிப் பார்த்துவிட்டு, உதட்டைச் சுழித்துக்கொள்வாள்.

அவள் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவர். வீடு வீடாக ஏறி இறங்கி வந்து, சட்டையைக் கழற்றிக்கொண்டே சொல்வார்: "உனக்கும் ஒரு மீட்டர் மாட்டணும்மா. எவளாவது நல்லா இருக்கான்னு காதுல விழுந்தா போதும், என்னமா ஓடுது!"

"எனக்கு யார் மேலயும் பொறாமை இல்ல."

"அதான் சொல்றேன், ஓடுது பாரு."

இருபத்தாறு வயதில் அரசுப் பெண்கள் பள்ளியில் கைத்தொழில் ஆசிரியை வேலை கிடைத்தது. மாடிப்படிக்குப் பின்னால் ஒரு நீள அறை. நாலு மிஷின், அதில் ஒன்றுக்கு பெல்ட் நழுவும். நூல் சுற்றும் பாபின்கள் போட்டுவைத்த பிஸ்கட் டப்பா. வாரம் இரண்டு பீரியட். கணக்கு டீச்சருக்குப் பாடம் முடியவில்லை என்றால் அந்த இரண்டும் போய்விடும். பொதுப் பரீட்சையில் இடமில்லாத பாடம். இது போதாதா அவளுக்கு? மற்ற டீச்சர்களைப் பெண்கள் பெயர் சொல்லிப் பயந்தார்கள். இவளை "ஊசி டீச்சர்" என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள்.

சேர்ந்த வருடம் பள்ளியில் புதிதாகப் பிரார்த்தனை ஹால் கட்டி முடித்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் வெறும் சுவர். அப்போதிருந்த தலைமை ஆசிரியை, "ஏதாவது செய்ங்களேன் டீச்சர்" என்று போகிற போக்கில் சொன்னார். அதுதான் சாக்கு. பதினோரு மாதம் உட்கார்ந்து ஒரு துணி செய்தாள். எட்டடி அகலம், ஐந்தடி உயரம். ஊரில் பெரும்பாலோர் கும்பிடும் தெய்வத்தின் பெயர் நடுவில் பெரிய எழுத்தில். அதன் கீழே நாலு வரி வேண்டுதல். சுற்றிலும் ஒரு கொடி, அறுபத்து நாலு இலை. ஒரு இலை போல இன்னொரு இலை இருக்காது, ஆனால் எல்லா இலைக்கும் தையல் எண்ணிக்கை ஒன்று. பின்பக்கம் முன்பக்கம் போலவே இருக்கும். ஒரு முடிச்சு, ஒரு பிசிறு கிடையாது. அதை மாட்டிய அன்று எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். "யாரு தைச்சா?" என்று விருந்தாளி ஒருவர் கேட்டார். அந்த வாரம் முழுக்க அவள் கால் தரையில் படவில்லை.

அவளிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. காகிதத்துக்குக் குண்டூசி குத்தமாட்டாள். குண்டூசி துரு ஏறும், காகிதத்தில் கறை விழும். மார்க் லிஸ்டோ லீவு லெட்டரோ, இரண்டு தாளுக்கு மேல் போனால் மூலையில் மூன்று துளை போட்டு, இரட்டை நூலில் தைத்து, முடிச்சைத் தாள்களுக்கு நடுவில் ஒளித்துவிடுவாள். ஆபீஸ் அறையில் பழைய கோப்புகள் கிழிந்தால்கூட அவளிடம்தான் வரும்.

பத்தொன்பது வருடம் ஓடியது. துணி அங்கேயே தொங்கியது. தினம் காலையில் நானூறு பெண்கள் அதைப் பார்த்துக் கைகூப்பிப் பிரார்த்தனைப் பாட்டுப் பாடினார்கள். ஆனால் யாரும் அதைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்ப்பார்கள், மேடையில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பார்கள். துணி, சுவர் மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் ட்ராயிங் டீச்சர் வந்தாள்.

முப்பது வயதுகூட ஆகவில்லை. தலைமுடியில் பென்சிலைச் செருகிக் கொண்டை போடுவாள். வந்த முதல் நாளே ஸ்டாஃப் ரூமில் தையல் டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்கா, உங்க டிபன்ல என்ன?" என்றாள். அக்கா! வாழ்நாளெல்லாம் தங்கையாக இருந்து சலித்தவளுக்கு ஒருவழியாக அக்கா பட்டம் கிடைத்தது. கிடைத்தும் என்ன, இரண்டாம் இடம் கூடவே வந்துவிட்டது.

வந்த நாலாம் மாதம் ட்ராயிங் டீச்சர், மாடிப்படி திரும்புகிற பெரிய சுவரில் ஒரு படம் வரைந்தாள். அதே தெய்வம்தான். தரையிலிருந்து கூரை வரை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை, எட்டுச் சாயங்காலம். துணிக்குப் பதினோரு மாதம் ஆனது என்பதை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். தையல் டீச்சர் ஞாபகப்படுத்திக்கொண்டாள். திங்கட்கிழமை காலை பெண்கள் படியேற வந்தவர்கள் ஏறாமல் நின்றுவிட்டார்கள். சிலர் செருப்பைக் கழற்றினார்கள். பரீட்சை நாளில் பூ வைத்தார்கள். பிள்ளைகளை விட்டுப்போக வந்த பெற்றோர் போனில் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு பத்திரிகையில், பிரஷ்ஷோடு ட்ராயிங் டீச்சர் சிரித்துக்கொண்டு நிற்கிற போட்டோ வந்தது. வெளியிலிருந்து யார் வந்தாலும் இப்போதைய ஹெச்.எம். ஹாலைத் தாண்டி நேரே மாடிப்படிக்குக் கூட்டிப்போனார்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். மழைக்குக் குடை கொடுக்க வந்த வீட்டுக்காரர் படிக்கட்டில் பத்து நிமிஷம் நின்றுவிட்டார்.

"கண்ணைப் பாத்தியாம்மா? நான் இந்தப் பக்கம் நகர்ந்தா இந்தப் பக்கம் பாக்குது."

"எல்லாக் கண்ணும் அப்படித்தான். நடுவுல புள்ளி வெச்சா எந்தப் பக்கமும் பாக்கும்."

"நீ வெச்சுக் காட்டேன்."

அன்று ராத்திரிச் சாப்பாடு அவருக்கு ஆறித்தான் கிடைத்தது.

தையல் டீச்சரின் கஷ்டம் என்னவென்றால், படத்துக்குப் பின்பக்கம் இல்லை. துணியாக இருந்தால் திருப்பிப் பார்த்து ஒரு பிசிறாவது கண்டுபிடிக்கலாம். சுவரை எங்கே திருப்புவது? யாரும் இல்லாத நேரம் பார்த்துப் படிக்கட்டில் நின்று, கிட்டத்தில் போய், எட்டத்தில் போய், குந்தி உட்கார்ந்துகூடப் பார்த்தாள். குறையே கிடைக்கவில்லை. தெய்வம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

ட்ராயிங் டீச்சருக்கு இது எதுவும் தெரியாது. ஒரு நாள் தனித்தனியாகக் கிடந்த ஸ்கெட்ச் தாள்களைக் கொண்டுவந்து, "அக்கா, நீங்க பேப்பரை நூல்ல தைப்பீங்களாமே? எனக்கும் தைச்சுத் தாங்களேன்" என்றாள்.

"ஸ்டேப்ளர் இருக்கே, நீங்க அதுல அடிச்சுக்கலாமே." எல்லோரும் அவளை 'நீ, வா, போ' என்றபோது தையல் டீச்சர் மட்டும் 'நீங்க' என்றுதான் சொல்வாள். மரியாதைக்காக இல்லை, தூரத்துக்காக.

"அது அசிங்கமா இருக்கு அக்கா. உங்க தையல் எவ்ளோ அழகா இருக்கு! முடிச்சு எங்க போச்சுன்னே தெரியல."

புகழ்ச்சி. அதுவும் உண்மையான புகழ்ச்சி. அவளிடமிருந்தா வர வேண்டும்! தைத்துக் கொடுத்தாள். முடிச்சை எங்கே ஒளிப்பது என்று காட்டியும் கொடுத்தாள்.

அந்த வருடக் கடைசியில் ஆபீஸ் அறையிலிருந்து ஒரு பழைய சுற்றறிக்கைக் கோப்பு தைக்க வந்தது. தைக்கும்போது ஒரு தாள் கண்ணில் பட்டது. 'அரசுப் பள்ளிக் கட்டடங்களில் எந்த ஒரு மதத்தையும் சார்ந்த படமோ, சின்னமோ, வாசகமோ வைக்கலாகாது' என்று கல்வி அலுவலகம் எப்போதோ அனுப்பியது. அவள் கண் 'படமோ' என்ற இடத்திலேயே நின்றுவிட்டது. அதற்குமேல் அவளுக்குத் தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மிஷின் மூடிமேல் தாளை வைத்து, இடது கையால் மனு எழுதினாள்.

"என்ன எழுதறே?" என்றார் வீட்டுக்காரர்.

"மார்க் லிஸ்ட்."

"இடது கையிலயா?"

"வலது கை சுளுக்கு."

"அப்ப நாளைக்குச் சமையல்?"

"அதுக்குள்ள சரியாயிடும். நீங்க போய் வேலையைப் பாருங்க."

மனுவில் சுற்றறிக்கை வாசகத்தை ஒரு எழுத்து விடாமல் எடுத்து எழுதினாள். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள் அவள். மாடிப்படிச் சுவரில் இன்ன அளவில் இன்ன படம் இருக்கிறது என்று எழுதினாள். 'பள்ளியில் மாற்று மதத்துக் குழந்தைகளும் படிக்கிறார்கள், அவர்கள் மனம் புண்படுகிறது' என்று எழுதினாள். எழுதும்போது அப்படி ஒரு குழந்தையின் முகம்கூட அவள் மனதில் இல்லை. மனு இரண்டு தாளுக்குமேல் போய்விட்டது. மூன்று தாளையும் அடுக்கி, கை தன்னிச்சையாக மேஜை டிராயரைத் திறந்து ஊசி எடுத்தது. மூன்று துளை, இரட்டை நூல், முடிச்சு உள்ளே. கையெழுத்துப் போடவில்லை. மூன்று தெரு தள்ளிப் போய், தனக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லாத தபால் பெட்டியில் போட்டாள்.

மூன்று வாரத்தில் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். மெலிந்த மனிதர், சட்டைப் பையில் இரண்டு பேனா. ஹெச்.எம். அறைக்கு ட்ராயிங் டீச்சரைக் கூப்பிட்டார்கள். மூத்த ஆசிரியை என்று தையல் டீச்சரையும் கூப்பிட்டார்கள். அதிகாரி மனுவை எடுத்து மேஜைமேல் வைத்தார். மூலையில் வெள்ளை நூல். மின்விசிறிக் காற்றில் தாள் எழும்பியது, மூலை மட்டும் அசையவில்லை. அப்போதுதான் தையல் டீச்சருக்குத் தெரிந்தது, கை செய்த காரியம்.

"படிச்சுப் பாருங்கம்மா, உங்க மேலதான் புகார்" என்று அதிகாரி மனுவை ட்ராயிங் டீச்சரிடம் கொடுத்தார்.

அவள் படித்தாள். முதல் தாள், இரண்டாம் தாள். மூன்றாவதைத் திருப்பும்போது கட்டைவிரல் மூலையில் போய் நின்றது. தாளை லேசாகப் பிரித்து உள்ளே பார்த்தாள். முடிச்சு எங்கே இருக்கும் என்று தெரிந்தவள் அல்லவா? பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. விரலை மூலையிலேயே வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படித்தாள்.

"கையெழுத்து தெரிஞ்ச மாதிரி இருக்கா?" என்று அதிகாரி கேட்டார்.

"குழந்தை கிறுக்கின மாதிரி இருக்கு சார். தெரியல."

மனுவை மூலையைப் பொத்தினபடியே மடித்து, நூல் உள்ளே போகிற மாதிரி மேஜைமேல் வைத்தாள். ஹெச்.எம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாற்று மதத்துக் குழந்தைங்கன்னு எழுதியிருக்காங்க. யாராவது பெற்றோர்கிட்ட விசாரிக்கலாமா?" என்றார் அதிகாரி.

ஹெச்.எம். அட்டெண்டரம்மாவைக் கூப்பிட்டார். பள்ளியில் மணி அடிப்பது முதல் ஹாலைப் பெருக்குவது வரை எல்லாம் அவள் வேலை. அவள் வேறு மதம். மகள் எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். அவள் கதவருகில் நின்று முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"பயப்படாம சொல்லுங்கம்மா. அந்தப் படிக்கட்டுப் படத்தால உங்களுக்கு மனக்கஷ்டம் ஏதாவது?"

"படமா சார்? படம் நல்லா இருக்கு. எம்பொண்ணு அந்த இடம் வந்தா ரெண்டு படி தாவி ஓடிடுவா. தாண்டிட்டா முடிஞ்சுது." நிறுத்தினாள். ஹெச்.எம். முகத்தைப் பார்த்தாள். "கேக்கறீங்கன்னு சொல்றேன் சார். ஹால்லதான் கொஞ்சம் கஷ்டம்."

"ஹால்ல என்ன?"

"அந்தத் துணி இருக்குல்ல சார், பேரு போட்டது. தினம் கால் மணி நேரம் அதைப் பாத்து நிக்கணும். அதைத் தாண்டி ஓட முடியாதே. இவ கைகூப்ப மாட்டா, எங்க வீட்டுல அப்படி. ஆறாங்கிளாஸ்ல ஒரு டீச்சர் வந்து ரெண்டு கையையும் புடிச்சுச் சேத்து வெச்சாங்களாம். அடிக்கல சார், பொய் சொல்லக் கூடாது. மெதுவாத்தான் வெச்சாங்களாம். அன்னைக்கு வந்து சோறு திங்காம படுத்துட்டா. அதுலேருந்து ஹால்ல தலையைக் குனிஞ்சுக்கிட்டே நிப்பா. மத்தபடி ஒண்ணும் இல்ல சார். அந்தத் துணிக்குச் சனிக்கிழமை சனிக்கிழமை தூசி தட்டுறதே நான்தான்."

யார் அந்த டீச்சர் என்று அவள் சொல்லவில்லை. தையல் டீச்சர் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவசியம் இருக்கவில்லை. இரண்டு துணி ஓரத்தைச் சேர்த்துக் குண்டூசி குத்துவதற்கு முன் பிடிப்பாளே, அதே மாதிரி இரண்டு சின்னக் கைகளைச் சேர்த்துப் பிடித்தது அவள் விரலுக்கு ஞாபகம் வந்தது. அந்தக் கைகள் சில்லென்று இருந்தன.

அதிகாரி மனுவைப் பிரித்தார். "படமோ, சின்னமோ, வாசகமோ. மனு எழுதினவரே வாசகம்னு தெளிவா எழுதியிருக்காரு. நல்லா விஷயம் தெரிஞ்ச ஆளு." பேனாவை எடுத்தார். "ரெண்டையும் எடுத்துடுங்க மேடம். சனிக்கிழமைக்குள்ள."

ட்ராயிங் டீச்சர் தன் படத்தைத் தானே அழித்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெள்ளைப் பெயின்ட் ஒரு கோட் அடித்தாள். கண் இரண்டும் வெள்ளைக்குள்ளிருந்து பார்த்தன. இரண்டாவது கோட்டிலும் லேசாகத் தெரிந்தன. மூன்றாவது கோட்டில் போயின. மாடிப்படிக்குப் பின்னால் அறையில் பாபின் சுற்றிக்கொண்டே தையல் டீச்சர் ரோலர் ஓடும் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். எத்தனை மாதமாகக் காத்திருந்த சத்தம்! ஒரு துளி சந்தோஷம் வந்தது. வந்த சுருக்கில் திரும்பிப் போய்விட்டது.

சனிக்கிழமை ஹாலில் ஏணி போட்டார்கள். அட்டெண்டரம்மா ஒரு பக்கம் பிடிக்க, தலைமுடியில் வெள்ளைப் பெயின்ட்டோடு ட்ராயிங் டீச்சர் இன்னொரு பக்கம் பிடித்தாள். துணியை மாட்டியவள்தான் கழற்ற முடியும். மேல் ஓரத்தில் இருபத்திரண்டு வளையம், ஒவ்வொன்றையும் தனித்தனி நூலில் கட்டியிருந்தாள். தையல் டீச்சர் மேலே நின்று ஒவ்வொன்றாக வெட்டினாள். கடைசி நூல் போனதும் துணி மடங்கி, பின்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி ட்ராயிங் டீச்சர் தோள்மேல் விழுந்தது.

"அக்கா!" அவள் துணியை விலக்காமலே கத்தினாள். "இது பின்பக்கமா? இதுவா பின்பக்கம்? அட்டெண்டரம்மா, இங்க பாருங்களேன், எந்தப் பக்கம் முன்னாடின்னே தெரியல!"

"முன்பக்கம் வெளுத்திருக்கு. இது புதுசா இருக்கு" என்றாள் அட்டெண்டரம்மா.

"எத்தனை நாளாச்சு அக்கா, இதைச் செய்ய?"

"பதினோரு மாசம்."

"ஐயோ. நான் என்னோடதை அவசர அவசரமா முடிச்சேன். ஒரு கை கோணல், தெரியுமா? இடது கை. யாரும் கண்டுபிடிக்கல."

ஏணியில் நின்றிருந்த தையல் டீச்சருக்கு எரிச்சலில் கண் கலங்கிவிட்டது. கோணல் இருந்திருக்கிறது. குந்தி உட்கார்ந்து பார்த்தும் அகப்படவில்லை!

அட்டெண்டரம்மா தண்ணீர் கொண்டுவரப் போனதும் ட்ராயிங் டீச்சர் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, நூலைப் பாத்தேன்."

தையல் டீச்சர் ஏணியில் நின்றபடி கத்தரியை இடுப்பில் செருகினாள்.

"யாருகிட்டயும் சொல்லமாட்டேன். எனக்கு முதல்ல கோபம்தான் வந்துச்சு. அப்புறம் அட்டெண்டரம்மா சொன்னதைக் கேட்டதும், எழுதினது நல்லதுக்குத்தான்னு தோணிடுச்சு. நான்கூட அந்தப் பொண்ணு படியில ஓடறதைப் பாத்திருக்கேன். விளையாடறான்னு நெனச்சுட்டேன்."

இதுதான் தாங்க முடியாமல் போனது. படத்தில் முந்தினாள், பத்திரிகையில் முந்தினாள், சரி. நல்லவளாக இருப்பதிலுமா முந்துவாள்? காட்டிக்கொடுக்காமல், கோபப்படாமல், ஏணியையும் பிடித்துக்கொண்டு! இவள் இப்படி நின்றால், நான் யாராக நிற்பது? தையல் டீச்சர் ஏணியிலிருந்து இறங்கினாள். துணியை வாங்கவில்லை. நேரே ஹெச்.எம். அறைக்குப் போனாள்.

"மேடம், அந்த மனுவை எழுதினது நான்தான்."

ஹெச்.எம். கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார். "தெரியும் டீச்சர்."

"அவங்க சொன்னாங்களா?"

"யாரு சொல்லணும்? பத்து வருஷமா உங்க பேப்பரைப் பிரிக்க முடியாம நகம் ஒடைச்சுட்டு இருக்கேன்." ஹெச்.எம். கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் எழுதினீங்கன்னு கேக்கலாமா?"

'குழந்தைகளுக்காக' என்று சொல்லிவிடலாம். சொன்னால் யாரும் மறுக்கப்போவதில்லை. சொல் வாய்வரை வந்தது. பின்பக்கத்தில் பிசிறு வைத்து முன்பக்கத்தை மட்டும் காட்டுகிற வேலை அது. அவளுக்கு அந்த வேலை வராது.

"அந்தப் படம் நல்லா இருந்துச்சு மேடம். அதான்."

ஹெச்.எம். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "போய் டீ குடிங்க" என்றார்.

வெளியே வந்தபோது அட்டெண்டரம்மா தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். தையல் டீச்சர் வழியை மறித்தாள்.

"உங்க பொண்ணு கையைச் சேத்து வெச்சது நான்தானே?"

"விடுங்க டீச்சர். சின்ன விஷயம்."

"சின்ன விஷயம்னா ரெண்டு வருஷம் ஞாபகம் இருக்குமா?"

அட்டெண்டரம்மா குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "அவகிட்டயே சொல்லுங்க. எங்கிட்ட சொல்லி என்ன?"

திங்கட்கிழமை பிரார்த்தனைக்கு மணி அடித்தது. பெண்கள் வரிசை வரிசையாக ஹாலுக்குள் வந்தார்கள். வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அண்ணாந்து பார்த்தார்கள். மேடைக்குப் பின்னால் சுவரில் எட்டடிக்கு ஐந்தடி ஒரு வெளிறிய கட்டம். சுற்றிலும் பத்தொன்பது வருட அழுக்கு; நடுவில் கட்டிய புதிதில் இருந்த சுண்ணாம்பு நிறம். "அங்க என்ன இருந்துச்சுடி?" என்று ஒருத்தி கேட்டாள். "துணி. ஊசி டீச்சர் தைச்சது." "நிஜமாவா? எவ்ளோ பெருசு!" பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை நானூறு பேரும் அவள் துணியைப் பார்த்தார்கள், அது அங்கே இல்லாதபோது. மாடிப்படிச் சுவரோ பளிச்சென்று ஒரே வெள்ளை. அங்கே யாரும் நிற்கவில்லை. தையல் டீச்சர் வாசலோரம் நின்று இதைக் கவனித்துக்கொண்டாள். கவனிக்காமல் இருப்பாளா?

எட்டாம் வகுப்பு வரிசையில் அட்டெண்டரம்மாவின் மகள் நின்றாள். கையைத் தொங்கவிட்டு, எல்லோரையும் போல நேரே நிமிர்ந்து, அந்த வெறும் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்து வரிசை கலைந்ததும் தையல் டீச்சர் அவளிடம் போனாள். பெண் பயந்து ஒரு அடி பின்வாங்கினாள்.

"அன்னைக்கு உன் கையைப் புடிச்சேன்ல. தப்பு."

பெண், "பரவாயில்ல டீச்சர்" என்றாள். பிறகு, தையல் பீரியட் உண்டா, கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வாரா என்று கேட்டாள். உண்டு என்றாள் தையல் டீச்சர்.

மத்தியானம் ட்ராயிங் டீச்சர் பெயின்ட் வாளியோடு ஹாலுக்கு வந்தாள். ஹெச்.எம். அந்தச் சுவரையும் முழுக்க வெள்ளையடித்துவிடச் சொல்லியிருந்தார். சுவரெதிரே தையல் டீச்சர் நிற்பதைப் பார்த்து வாளியைக் கீழே வைத்தாள்.

"அக்கா, உங்களுக்குக் கஷ்டமா இருந்தா ஒரு மாசம் கழிச்சு அடிக்கிறேன். மேடம்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

மறுபடியும் முந்துகிறாள்.

"வேண்டாம். இன்னைக்கே அடி" என்றாள் தையல் டீச்சர். 'அடிங்க' என்று சொல்லவில்லை. இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

ட்ராயிங் டீச்சர் ரோலரைப் பெயின்ட்டில் தோய்த்தாள். "இது லேசான அழுக்குதான். ஒரு கோட் போதும்."

"அதென்ன ஒரு கோட்?" தையல் டீச்சர் ஏணியை இழுத்து, அதன் ஒரு பக்கத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். "உன்னோடதுக்கு மூணு போட்டே இல்ல? எனக்கும் மூணு போடு."